என் நாளுக்கு மூன்று வரி

அந்தக் கொப்பிகளில் எனக்கு எழுத்து விளங்காது, திகதி மட்டும் விளங்கும். அதுதான் பிரச்சினையாகப் போனது. ஒன்றுமே விளங்காமல் இருந்திருந்தால் நான் என் பாட்டில் நிலத்தைத் துடைத்துவிட்டு, சம்பளத்தை வாங்கிக்கொண்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்தோம். அகதி விண்ணப்பம் முடிவில்லாமல் கிடந்தது. வேலை செய்யலாம் என்று மட்டும் கடிதம் வந்திருந்தது. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்த் துப்புரவாக்கி, சாப்பாடு சூடாக்கிக் கொடுத்து, குளிக்கவும் உடுக்கவும் உதவி செய்கிற வேலை எனக்குக் கிடைத்தது. ஊரில் நான் தமிழ் ரீச்சர். சிவப்புப் பேனையால் பிள்ளைகளின் கொப்பிக்குச் சரியும் பிழையும் போட்ட கையால் லண்டனில் மற்றவர்களின் கழிவறையைத் தேய்த்தேன். அது எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது.

எனக்குத் தந்த வீடுகளில் ஒன்றில் எண்பதை எட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா தனியாக இருந்தார். கலியாணம் கட்டாதவர். என் கணவரோடு கதைக்கும்போது நான் அவரைக் கிழவி என்றுதான் சொல்லுவேன், இங்கே எழுத்துக்காக மரியாதை கொடுக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி என்னுடைய நாட்கள். திங்கள், புதன், வெள்ளி மன்னாரிலிருந்து வந்த இன்னொருத்தியின் நாட்கள். அவள் என்னைவிட எட்டு வயது இளையவள், கத்தோலிக்கப் பெண். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்ததால் இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. "யெஸ் மிஸிஸ், நோ மிஸிஸ்" என்று வாய் நிறையப் பேசுவாள். எனக்கு இங்கிலீஷ் தொண்டை வரைக்கும் வரும், அதற்கு மேல் வராது.

நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் ஒருநாளும் சந்தித்ததில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது மூலையில் இருந்த தமிழ்க் கடையில்தான் காண்போம். அங்கே கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போதுதான் அவள் சொன்னாள்.

"அக்கா, அவ ஜேர்மன் கதைச்சாலும் ஜேர்மன்காரி இல்லை. உக்ரேனில பிறந்தவ. மெனோனைட் எண்டு ஒரு ஆக்கள்."

"அது என்ன கோதாரி?"

"வேதக்காரர்தான். ஆனா துவக்குத் தொடமாட்டினம். சண்டைக்குப் போகமாட்டினம். கோட்டில கூடச் சத்தியம் பண்ணமாட்டினமாம். ஓம் இல்லை எண்டு வாயால சொன்னாக் காணும், அதுக்கு மேல ஒரு சத்தியமும் தேவையில்லையாம்."

பிறகு முழுக்கதையையும் சொன்னாள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஊரே குதிரை வண்டிகளில் மேற்கு நோக்கி வெளிக்கிட்டதாம். தகப்பனை அதற்கு முன்னமே பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். தாய் வழியில் காய்ச்சலில் போய்விட்டாவாம். போலந்து, பிறகு பெர்லின், பிறகு ஒரு முகாம். தமையன் குடும்பம் கனடாவுக்குக் கப்பல் ஏறியபோது, இவருக்குக் கண்ணில் வருத்தம் என்று டொக்டர் மறித்துவிட்டாராம். ஆஸ்பத்திரி லோண்ட்ரியில் வேலை செய்ய ஆள் தேவை என்று லண்டனுக்குக் கொண்டுவந்தார்களாம். வண்டியில் ஏறிய நாளிலிருந்து இன்றுவரைக்கும் ஒரு நாள் விடாமல் கொப்பியில் எழுதுகிறாராம்.

"இதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?"

"அவதான். கொப்பியை எடுத்து வாசிச்சு, எனக்கு இங்கிலீஷில சொன்னவ."

நான் கத்தரிக்காயை வாங்காமல் வந்துவிட்டேன். ஒரு வருசமாக நானும் அந்த வீட்டுக்குப் போகிறேன். அவரின் காலை நான்தான் கழுவுகிறேன், நகம் நான்தான் வெட்டுகிறேன். எனக்கு ஒரு வரி வாசித்துக் காட்டியிருக்கிறாரா? நல்ல சொல் போட்டு மறைக்க விருப்பமில்லை, அது பொறாமைதான்.

கொப்பிகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. தூசி தட்டும்போது ஒருநாள் திறந்து பார்த்தேன். எல்லாம் திகதி வரிசையில் அடுக்கி, கட்டுக் கட்டாக நாடாவால் கட்டியிருந்தன. மிகப் பழையது பென்சிலால் எழுதியது. அதன் மட்டை விளிம்பில் இன்னும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. வழியில் அதை மா மூட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தவராம், அதையும் மன்னார்க்காரிதான் பிறகு சொன்னாள்.

எனக்கும் கொப்பிகள் இருந்தன. பதினைந்து வயதிலிருந்து எழுதிய மூன்று தடித்த கொப்பிகள். ஆமி வீடு வீடாகச் சோதிக்கத் தொடங்கிய காலத்தில், எழுத்து என்று எது இருந்தாலும் ஆபத்து என்று எல்லாரும் சொன்னார்கள். நானே என் கையால் குசினி அடுப்பில் வைத்தேன். அன்றைக்குப் புட்டு அவிந்தது அந்த நெருப்பில்தான். அவர் மாவுக்குள் ஒளித்தார், நான் அடுப்புக்குள் போட்டேன். அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தபோது, இத்தனை நாடு கடந்து, தாயையும் சாகக்கொடுத்த ஒரு மனுசியைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவவுக்கு மட்டும் எல்லாம் தப்பிக் கிடக்கிறதே என்றுதான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை மன்னார்க்காரி இன்னொன்று சொன்னாள். அது இன்னும் மோசம்.

"அக்கா, என்ர கதையை முழுக்க எழுதிப்போட்டா. தலைமன்னாரில வள்ளம் ஏறினது, ராமேஸ்வரத்துக்கு இஞ்சால மணல்திட்டியில இறக்கிவிட்டது, மண்டபம் முகாம், எல்லாம். அவவின்ர கொப்பியிலேயே. நான் சொல்லச் சொல்ல எழுதினவ."

"ஏன், நான் என்ன இஞ்ச நடந்து வந்தனானோ?" என்று கேட்டேன். அவளுக்கு அது விளங்கவில்லை. சிரித்தாள்.

அதிலிருந்து எனக்கு ஒரு விசர் பிடித்தது. அப்போது எழுதிக்கொண்டிருந்த கொப்பி எப்போதும் கதிரைக்குப் பக்கத்து மேசையில் கிடக்கும். கிழவி குளியலறைக்குள் போனதும் திறந்து பார்ப்பேன். எழுத்து ஒரே முள்ளும் கொக்கியுமாகப் பழைய காலத்து ஜேர்மன் எழுத்து, தலைகீழாகப் பிடித்தாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் திகதி இலக்கத்தில் இருந்தது. ஆகவே என் நாள் எது, அவளுடைய நாள் எது என்று தெரிந்தது. திங்கள், ஒன்றரைப் பக்கம். செவ்வாய், மூன்று வரி. புதன், இரண்டு பக்கம். வியாழன், மூன்று வரி. வெள்ளி, பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது. சனி, மூன்று வரி. ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் போகாத நாள், அதற்குக்கூட ஐந்து வரி இருந்தது.

இன்னொன்றும் கண்டேன். என் மூன்று வரிக்குள் ஒரு சின்னச் சொல் ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்ப வந்தது, கீழே கோடு இழுத்து. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குத்துக்கோடுகள். சில நாள் மூன்று, சில நாள் ஐந்து, ஒரு வியாழன் ஒன்பது. மன்னார்க்காரியின் பக்கங்களில் அந்தச் சொல்லும் இல்லை, கோடும் இல்லை. ரீச்சராக இருந்த எனக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிழவி என் பிழைகளை எண்ணுகிறார். அந்தச் சொல் சோம்பேறி, அல்லது மறதிக்காரி, அல்லது அதைவிடக் கூடாத ஏதோ.

பிழை விடக்கூடாது என்று ரோசத்தில் வேலை செய்தேன். குசினி அலுமாரிக்குப் பின்பக்கமெல்லாம் இழுத்துத் துடைத்தேன். கோடு குறையவில்லை. கூடத்தான் செய்தது. ஏனென்றால் அவருக்குக் கேட்ட கேள்வியையே கேட்கிற பழக்கம் தொற்றிக்கொண்டது. யன்னல் பூட்டியாச்சா என்று இங்கிலீஷில் கேட்பார். பூட்டியாச்சு. நான் குளிர் கோட்டை மாட்டிக்கொண்டு கதவடியில் நிற்பேன், திரும்பக் கேட்பார். எனக்கு பஸ் போய்விடும். இங்கிலீஷில் மரியாதையாகப் பதில் சொல்லப் படித்திருந்தேன், எரிச்சலைக் காட்டப் படிக்கவில்லை. எரிச்சல் வரும்போது தமிழ்தான் வாயில் வரும்.

"ஓமம்மா."

"காஸ் நிறுத்தியாச்சா?"

"ஓமம்மா, ஓம்."

"யன்னல்?"

"ஓமம்மா, ஓமம்மா, எத்தினை தரம் சொல்லுறது, பூட்டியாச்சு."

அவர் தலையாட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கோபத்தைத் தரும். நான் படியிறங்கும்போதே கொப்பியை எடுப்பதை யன்னல் வழியே கண்டிருக்கிறேன். போடு, கோட்டைப் போடு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஒரே ஒரு தரம் என்னிடமும் கேட்டார். ஒரு மழை நாள், காலில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். நீ எப்படி இந்த நாட்டுக்கு வந்தாய் என்றார். கொப்பி மடியில் விரிந்திருந்தது, பேனை கையில். எத்தனை மாதம் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். ஆனால் கேட்டதும் ரோசம் வந்து முன்னுக்கு நின்றது. அவளிடம் கேட்டு அலுத்த பிறகுதானே என்னிடம் வருகிறாய் என்று. நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னேன்.

"பிளேனில."

அவர் பேனையை மூடினார். நான் மற்றக் காலைப் பிடித்தேன்.

பிளேன் என்பது பொய்யில்லை. கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்கு பெர்லின். அங்கே கைக்குழந்தையோடு நிலக்கீழ் ரெயிலில் ஏறி, மதிலுக்கு அடுத்த பக்கம் போய் இறங்கினேன். ஒரு பழைய கட்டிடத்தில் பதினொரு பேரோடு குளிர்காலம் முழுக்கக் கிடந்தேன். பிறகுதான் லண்டன். பெர்லினில் இடிந்த வீடொன்றில் அவரும் ஒரு குளிர்காலம் கிடந்தவர் என்று மன்னார்க்காரி முன்னமே சொல்லியிருந்தாள். மன்னார்க்காரியிடம் இல்லாத பெர்லின் என்னிடம் இருந்தது. எடுத்து வைத்திருந்தால் என் நாளுக்கும் நாலு பக்கம் வந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் மூன்று வரிதான், அடுத்த தரம் போனபோது பார்த்தேன்.

இப்படியே ஆறு வருசம் போனது. எங்களுக்கு இந்த நாட்டில் இருக்கலாம் என்று கடிதம் வந்தது, விம்பிள்டன் கோயிலில் அருச்சனை செய்தோம், மோர்டனுக்கு வீடு மாறினோம். அந்த வீட்டை மட்டும் நான் விடவில்லை. வேறு ஆளைப் போடட்டுமா, உனக்குத் தூரமாகப் போய்விட்டதே என்று ஒபிஸில் கேட்டபோது மாட்டேன் என்றேன். பாசம் என்று நினைக்க வேண்டாம். விட்டால் வாரத்தில் ஆறு நாளும் அவளுக்குப் போய்விடும்.

கிழவி ஒரு வெள்ளிக்கிழமை போனார். நித்திரையில், கதிரையில் இருந்தபடியே. மத்தியானம் மன்னார்க்காரி அழுதுகொண்டு போன் பண்ணினாள். எனக்கும் அழுகை வந்தது. அதற்கு முதல் வந்த நினைப்பு என்ன தெரியுமா? போனதும் அவளுடைய நாளில்தானே போனார் என்று. வியாழக்கிழமை போயிருக்கக்கூடாதா. இதை இதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கனடாவிலிருந்து தமையனின் பேத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும், உயரமான, நிதானமாகக் கதைக்கிற பெண். செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் எங்கள் இருவரையும் அந்த வீட்டுக்கு வரச்சொன்னாள். ஆறு வருசத்தில் முதல் தரமாக நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குசினி மேசையில் ஒன்றாக இருந்தோம். பேத்தி தேநீர் ஊற்றினாள். அவள் அந்தப் பழைய எழுத்தைப் படித்தறிந்தவள். தகரப் பெட்டி அவளோடு கனடாவுக்குப் போகிறது என்றாள். நாங்கள் வரத் தொடங்கிய காலத்தில் எழுதிய ஒரு கொப்பி மட்டும் மேசையில் இருந்தது.

"பின்மட்டையில் எழுதியிருக்கிறார்," என்று இங்கிலீஷில் சொன்னாள். "இந்தக் கொப்பி, என்னை ஓமா என்று கூப்பிட்டவளுக்கு. பெயரைப் போட்டால் மற்றவளின் மனம் நோகும், அவளுக்கே தெரியும் என்று. உங்களில் யார் அவரை ஓமா என்று கூப்பிட்டது?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மன்னார்க்காரி இல்லை என்று தலையாட்டினாள். நான் மிஸிஸ் என்றுதான் கூப்பிடுவேன் என்றாள். நானும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஓமா என்றால் என்ன என்றுகூட எனக்குத் தெரியாது.

"எங்கள் பாஷையில் ஓமா என்றால் பாட்டி," என்றாள் பேத்தி. "பாருங்கள், எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறார். இதோ." கொப்பியைத் திருப்பிக் காட்டினாள். விரல் வைத்த இடத்தில் அந்தச் சின்னச் சொல் இருந்தது. கீழே கோடு, பக்கத்தில் குத்துக்கோடுகள். அவள் மெதுவாக மொழிபெயர்த்து வாசித்தாள். "செவ்வாய். மழை. இன்றைக்கு ஓமா என்று ஐந்து தரம். யன்னல் பூட்டியிருந்ததை நான் கண்டேன். அவள் இன்னொரு தரம் சொல்லட்டும் என்றுதான் திரும்பக் கேட்டேன்."

ஓமம்மா. ஓமம்மா, ஓம். எத்தினை தரம் சொல்லுறது.

மேசைக்கு அந்தப் பக்கம் மன்னார்க்காரி நிமிர்ந்தாள். அவளும் தமிழச்சிதானே, அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் விளங்கியது. இவ பாட்டி என்று கூப்பிடவில்லை, ஆம் என்றுதான் சொன்னா, அதுவும் எரிந்து விழுந்து சொன்னா என்று அவள் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அவளுடைய வள்ளமும் மணல்திட்டியும் முகாமும் அந்தக் கொப்பிக்குள்தான் இருந்தன. நான் என்றால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

அவள் என்னைப் பார்த்துத் தமிழில் மெல்லச் சொன்னாள். "அவவுக்குக் கேட்டது அதுதானே அக்கா. சொல்லுங்கோ."

பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களா கூப்பிட்டது?"

"ஓம்," என்றேன்.

கொப்பியை இரண்டு கையாலும் தந்தாள்.

பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஒன்றாகத்தான் நடந்தோம். கொப்பி என் பைக்குள். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அந்தப் பெருந்தன்மையைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. பையைத் திறந்து, இந்தா பிள்ளை, உம்மட கதைதான் இதில நிறைய, நீரே வைச்சிரும் என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிசம் இருந்தது. என் மூன்று வரிகளும் அதோடு போய்விடும் என்று பையிலிருந்து கையை எடுக்கவில்லை. போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவளுடைய பஸ் முதலில் வந்தது.

போட்டோகொப்பி நான் எடுக்கவில்லை. நேரமில்லை என்று ஒரு வருசம், மெஷின் பழைய மையை வடிவாக எடுக்காது என்று இன்னொரு வருசம். பிறகு அவள் கலியாணம் கட்டி பர்மிங்ஹாம் போய்விட்டாள். கொப்பி என் அலுமாரியில் கூறைச்சேலைக்குக் கீழே இருக்கிறது. எப்போதாவது எடுத்து என் நாட்களின் கோடுகளை எண்ணுவேன். அவளுடைய நீண்ட பக்கங்களைக் கெதியாகப் புரட்டிவிடுவேன், வாசிக்கத் தெரியாவிட்டாலும்.

அவள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போன் எடுப்பாள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுவாள், குளிரைப் பற்றிச் சொல்லுவாள். வைப்பதற்கு முதல் எப்போதும் ஒன்று கேட்பாள்.

"அக்கா, அந்தக் கொப்பி பத்திரமா இருக்குதே?"

"ஓமம்மா."

நான் சொன்னது கேட்காதவள்போல, திரும்பவும் கேட்பாள்.

"பத்திரமா இருக்குதுதானே அக்கா?"

"ஓமம்மா, ஓம்."